சம்பள நாளில் கையில் தங்கும் பிறர் பணம்

சிறு தொழில் நடத்துபவர் முதல் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் நாளில், அவர் கேட்காமலே இன்னொரு வேலையும் அவர் தலையில் வந்து ஏறுகிறது. அரசுக்காக வரியும் காப்பீட்டுப் பங்கும் வசூலித்துக் கட்டும் வேலை அது. இதற்குக் கூலி கிடையாது; வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது; தவறினால் வட்டியும் அபராதமும் அவர் பெயருக்குத்தான் வரும். தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் அறிந்தவர்கள்கூட இந்த ஒரு வேலையில் தடுமாறுவதற்குப் படிவங்களின் கடினத்தைக் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வங்கிக் கணக்கில் கிடக்கும் பணத்தில் எது தன்னுடையது, எது தன் வழியாகப் போகிற பிறர் பணம் என்பது மனத்தில் பதியாமல் போவதே பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம். படிவத்தை யாரிடமாவது கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். இந்தப் பிரிவினையைத் தொழில் நடத்துபவரேதான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அவர் அரசுக்குக் கட்டுகிற தொகைகளை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். தொழிலில் மிஞ்சும் லாபத்துக்கு அவர் கட்டும் வருமான வரி ஒன்று. பொருளையோ சேவையையோ விற்கும்போது விலையோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டும் விற்பனை வரி இரண்டாவது. ஜிஎஸ்டி, வாட் என்று நாட்டுக்கு நாடு அதன் பெயர் மாறும். ஊழியரின் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது மூன்றாவது. அதே ஊழியருக்காக முதலாளி தன் கையிலிருந்து போடும் பங்கு நான்காவது. முதலாவதும் நான்காவதும் அவருடைய சொந்தச் செலவு. நடுவில் உள்ள இரண்டும் அவர் பணமே அல்ல. ஒன்று வாடிக்கையாளர் கொடுத்தது, மற்றொன்று ஊழியர் உழைத்துச் சம்பாதித்தது. உரிய இடத்தில் சேர்க்கும் வரை சில நாட்கள் அவர் கணக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் கண்டிப்பும் புரியும். 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சி தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் ஏற்க வேண்டும் என்று வைத்தது. இன்று பல நாடுகளில் சம்பளச் சீட்டில் காணும் ‘ஊழியர் பங்கு, முதலாளி பங்கு’ என்ற இரட்டைப் பதிவுக்கு முன்னோடி அதுவே. வருமான வரிப் பிடித்தம் பெரிய அளவில் பரவியது இரண்டாம் உலகப் போரின்போது. போர்ச் செலவுக்காக அதுவரை வரி கட்டியே பழகாத இலட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்களும் வரி வட்டத்துக்குள் வந்தார்கள். ஆண்டு முடிவில் அவர்களிடம் போய் மொத்தமாகக் கேட்டால் கையில் பணம் இருக்காது. எனவே சம்பளம் கைக்குப் போகும் முன்பே பிடித்துவிடும் முறையை அமெரிக்கா 1943 ஜூலையிலும், பிரிட்டன் 1944 ஏப்ரலிலும் தொடங்கின. பிரிட்டனில் அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கட்டு’ என்பதுதான். அரசு ஒவ்வொரு தொழிலாளியையும் தேடிப் போவதற்குப் பதிலாக, அவர்கள் எல்லோருக்கும் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துக் கதவைத் தட்ட வேண்டியதில்லை, ஒரு கதவு போதும்.

இனி ஒரே ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணக்கு எளிது என்பதால் இலங்கையின் விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். அங்கே 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். முதலாளி 12 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும். 1980-இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 விழுக்காடு. அது முழுவதும் முதலாளியின் பங்கு, ஊழியரிடம் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. இந்த நிதிகளுக்குக் கணக்கில் வரும் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாய் என்றும், வேறு பிடித்தம் எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஊழியர் கையில் கிடைப்பது 92,000 ரூபாய். பிடித்தது 8,000. முதலாளி தன் பங்காகச் சேர்ப்பது 12,000 மற்றும் 3,000. ஆக, ஊழியருக்குக் கொடுப்பது 92,000, நிதிகளுக்குக் கட்டுவது 23,000, அந்த ஓர் ஆளுக்காகத் தொழிலிலிருந்து வெளியே போவது 1,15,000.

இந்த ஒரு சீட்டில் மூன்று வேறு எண்கள் ‘சம்பளம்’ என்ற பெயரில் உலவுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஊழியர் வீட்டுக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது 92,000. வேலைக்குச் சேரும்போது பேசியது 1,00,000. தொழில் தாங்க வேண்டியது 1,15,000. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் செலவுத் திட்டம் போடும்போது நடு எண்ணை எழுதி வைக்கிறார்கள். மாதக் கடைசியில் வங்கியிலிருந்து 92,000 மட்டும் போவதைப் பார்த்து, 8,000 மிச்சம் ஆனதுபோல ஒரு மயக்கமும் வருகிறது. மிச்சம் எதுவும் ஆகவில்லை. இன்னும் 23,000 போக வேண்டியிருக்கிறது.

விகிதங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அமைப்பு ஏறக்குறைய இதேதான். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்கு 6.2 விழுக்காடும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 விழுக்காடும் ஊழியரிடம் பிடித்து, அதே அளவை முதலாளியும் போட வேண்டும். 1,000 டாலர் சம்பளத்தில் இது 76.50 டாலர் பிடித்தமும் 76.50 டாலர் முதலாளி பங்குமாக 153 டாலர் ஆகிறது; ஊழியர் எழுதிக் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தின்படி வருமான வரிப் பிடித்தம் இதற்கு மேல் தனி. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்கு இரு தரப்பும் 12 விழுக்காடு. முதலாளி போடும் 12-இல் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்து போய்விடும், அதற்குச் சம்பள உச்சவரம்பும் உண்டு. இஎஸ்ஐ என்கிற ஊழியர் அரசுக் காப்பீட்டுக்கு ஊழியர் 0.75, முதலாளி 3.25 விழுக்காடு. மலேசியாவில் சேமநிதிக்கு உள்நாட்டு ஊழியரிடம் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள்; மாதம் 5,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்கு முதலாளி 13, அதற்கு மேல் வாங்குபவருக்கு 12 விழுக்காடு சேர்க்கிறார். சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள குடிமக்களுக்கு மத்திய சேமநிதியில் ஊழியர் 20, முதலாளி 17. அதே சிங்கப்பூரில் குடிமக்களின் சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரி பிடிக்கும் வழக்கமே இல்லை. ஊழியரே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து கட்டிக்கொள்கிறார். ஒரு நாட்டில் தொழில் செய்து பழகியவர் இன்னொரு நாட்டில் கிளை திறக்கும்போது, பழைய வழக்கத்தை அப்படியே கொண்டுபோவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

எந்தத் தொகைக்கு மேல் விகிதத்தைப் போடுவது என்பதும் முக்கியம். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா, படிகளுக்கும் சேர்த்தா, மிகைநேர ஊதியம் கணக்கில் வருமா என்பதை ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக வரையறுக்கிறது. ஒரே நாட்டில், ஒரே ஊழியருக்கு, வருமான வரிக்கு ஒரு ‘சம்பளம்’, வைப்பு நிதிக்கு வேறொரு ‘சம்பளம்’ என்று இருப்பது சாதாரணம். விகிதம் சரியாக இருந்தும் கணக்கு தவறும் இடம் இதுதான்.

பிடிக்கும் நாளும் கட்டும் நாளும்

ஆபத்தான பகுதி இனிமேல்தான் வருகிறது. பிடித்த பணத்தை அன்றே கட்டச் சொல்லும் சட்டங்கள் குறைவு. பெரும்பாலும் சில நாள் கெடு இருக்கும். இந்தியாவில் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை, அதாவது டிடிஎஸ்ஸை, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் 15-ஆம் தேதி. மலேசியாவின் சேமநிதிக்கும் 15-ஆம் தேதிதான். சிங்கப்பூரில் 14. இலங்கையின் சேமலாப நிதிக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாள். பிரிட்டனில் மின்வழியாகக் கட்டுபவருக்கு 22. அமெரிக்காவில் வரித் தொகையின் அளவைப் பொறுத்து மாதம் ஒருமுறையும், சிலருக்குச் சம்பளம் போட்ட சில நாட்களுக்குள்ளும், பெரிய தொகை சேர்ந்துவிட்டால் மறுநாளேயும் கட்ட வேண்டியிருக்கும்.

அந்தச் சில நாட்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சம்பளம் போட்டாயிற்று. கணக்கில் பிடித்தத் தொகை அப்படியே இருக்கிறது. சரக்குக் கொடுத்தவர் பாக்கியைக் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார். அவருக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் சரக்கு வராது. வர வேண்டிய பணம் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று வாடிக்கையாளர் உறுதி சொல்லியிருக்கிறார். இருக்கிற பணத்தைச் சரக்குக்காரருக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை வந்ததும் பிடித்தத்தைக் கட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. வரித்துறை தொலைபேசியில் அழைப்பதில்லை என்பதால் அந்தக் கடன் சத்தமில்லாமல் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பணம் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வருகிறது. இப்போது இரண்டு மாதப் பிடித்தம், இரண்டு மாத முதலாளி பங்கு, வட்டி. மூன்றாவது மாதத்தில் அது ஒரே தவணையில் கட்ட முடியாத தொகையாகிவிடுகிறது. கெட்ட எண்ணத்தால் இந்த வழியில் இறங்குபவர் குறைவு. கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்பில் இறங்குபவரே அதிகம்.

இதைச் சட்டம் சாதாரணக் கடன் பாக்கியாகப் பார்ப்பதில்லை. ஊழியரிடம் பிடித்த வருமான வரியையும் ஊழியர் பங்கையும் அமெரிக்கச் சட்டம் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்துக்கு ஒப்பாக வைத்திருக்கிறது. தெரிந்தே கட்டாமல் விட்டால், கட்டாத அந்தத் தொகைக்குச் சமமான அபராதத்தை, கட்டும் பொறுப்பில் இருந்தவரின் சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்க முடியும். நிறுவனம் வரையறுக்கப்பட்ட பொறுப்புடையதாகப் பதிவாகியிருப்பது இங்கே கவசம் ஆகாது. உரிமையாளர் மட்டுமே மாட்டுவார் என்றும் இல்லை. யாருக்கு முதலில் பணம் கொடுப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரமும், காசோலையில் கையெழுத்திடும் உரிமையும் உள்ள கணக்காளரும் பொறுப்பாகலாம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் நிறுவன இயக்குநர்களின் மேல் இதேபோன்ற தனிப்பட்ட பொறுப்பை வைத்திருக்கின்றன. இந்தியாவில் 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஊழியரிடம் பிடித்த வைப்பு நிதிப் பங்கை உரிய கெடுவுக்குள் கட்டாத முதலாளி, அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி அந்தத் தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. முதலாளியின் பங்கு வேறு, பிறருடையதாக இருந்து தன் கையில் ஒப்படைக்கப்பட்ட ஊழியர் பங்கு வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் அடித்தளம். மேலே நான்காகப் பிரித்ததில் மூன்றாவதும் நான்காவதும் ஏன் ஒன்றாகாது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்லிவிட முடியாது.

சிறிய தாமதத்துக்கும் விலை உண்டு. இந்தியாவில் பிடித்த டிடிஎஸ்ஸைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி, அதுவும் பிடித்த நாளிலிருந்து. மாதத்தில் ஒரு நாள் பட்டாலும் முழு மாதமாகக் கொள்வார்கள். ஜூலை 31 அன்று பிடித்ததை ஆகஸ்ட் 9 அன்று கட்டினால், தாமதம் என்னவோ இரண்டு நாள்தான். துறையின் கணினி போடும் வட்டி இரண்டு மாதத்துக்கு.

தப்பிக்க நான் நம்பும் வழி ஒன்றே ஒன்றுதான்: பிடித்தத்துக்கும் விற்பனை வரிக்கும் தனி வங்கிக் கணக்கு. சம்பளம் போடும் அதே நேரத்தில், அதே உட்காரலில், ஊழியர் பங்கையும் முதலாளி பங்கையும் அந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் சம்பளத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது, பிடித்தத்துக்கு இல்லை என்ற நிலை வந்தால், முழுச் சம்பளம் கொடுக்க அந்தத் தொழிலிடம் பணம் இல்லை என்றுதான் பொருள். அது மூன்று மாதம் கழித்துத் தெரிவதைவிட அன்றே தெரிவது மேல்.

ஊழியரா, ஒப்பந்தக்காரரா

இந்தச் சுமையைப் பார்த்த பிறகு பலருக்கும் ஒரு யோசனை வருகிறது. ஆளை ஊழியராக வைக்காமல், ‘ஒப்பந்தக்காரர்’ என்று தாளில் எழுதி, பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்துவிட்டால் பங்கும் வேண்டாம், பிடித்தமும் வேண்டாமே என்று. உண்மையான ஒப்பந்தக்காரருக்கு இது சரியான முறையே. பழுது பார்க்க வந்து, தன் கருவியைத் தானே கொண்டுவந்து, தன் நேரத்துக்கு வேலையை முடித்து, அடுத்த வீட்டு வேலைக்குப் போகிறவர் ஊழியர் அல்லர். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து, முதலாளி கொடுத்த கருவியில், முதலாளி சொன்ன முறையில், அவர் ஒருவருக்காகவே வேலை செய்து, மாதாமாதம் ஒரே தொகை வாங்கிப் போகிறவரைத் தாளில் என்ன பெயரிட்டு அழைத்தாலும் பல நாட்டுச் சட்டங்கள் ஊழியராகவே கொள்கின்றன. வேலையின் முடிவை மட்டும் கேட்டு வாங்குகிறோமா, செய்யும் முறையையும் நாமே கட்டுப்படுத்துகிறோமா என்பதுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது கடைசிச் சொல் ஆகாது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு பிரிட்டனில் இருக்கிறது. ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஊதியத்தோடு கூடிய விடுப்புக்கும் உரிய தொழிலாளர்கள் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தனை பெரிய நிறுவனம் வழக்கறிஞர்களை வைத்து எழுதிய ஒப்பந்தத்துக்கே அந்தக் கதி என்றால், நாம் இணையத்திலிருந்து இறக்கிப் பெயர் மாற்றிய ஒப்பந்தத் தாளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தவறாக வகைப்படுத்தியது பின்னால் தெரியவந்தால், கட்டாமல் விட்ட ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்பார்கள். அப்போது ஊழியர் பங்கையும் முதலாளியே தன் கையிலிருந்து போட வேண்டிவரும். வேலையை விட்டுப் போனவரிடம் போய்ப் பழைய பிடித்தத்தைக் கேட்க முடியாது.

ஆள் எண்ணிக்கையும் கவனிக்க வேண்டியதே. இந்தியாவில் வைப்பு நிதிக்கு 20 பேர், இஎஸ்ஐக்கு 10 பேர் என்ற எல்லை இருக்கிறது. இலங்கையிலோ ஒரே ஒருவரை வைத்திருந்தாலும் சேமலாப நிதி உண்டு. எல்லை உள்ள இடங்களில் அதைத் தொடும் மாதத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும்; தற்காலிக ஆட்களும் ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும் எண்ணிக்கையில் சேரக்கூடும். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்தால் இதெல்லாம் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ரொக்கமும் சம்பளம்தான்.

முதலாளியின் சொந்த வரி

தனிநபர் உரிமையில் தொழில் நடத்துபவர் தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொள்ள முடியாது. மாதம் ஒரு தொகையை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். கணக்கில் அதற்குப் பெயர் சொந்த எடுப்பு. அது தொழிலின் செலவு ஆகாது. அவர் வரி கட்ட வேண்டியது லாபத்துக்கு; எவ்வளவு எடுத்தார் என்பதற்கு அல்ல. ஆண்டு முழுவதும் ஒரு ரூபாயும் எடுக்காமல் லாபத்தையெல்லாம் மீண்டும் சரக்கில் போட்டிருந்தாலும் வரி உண்டு. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் கதை வேறு. அங்கே இயக்குநரும் சம்பளம் வாங்கலாம். அந்தச் சம்பளத்துக்கும் பிடித்தம் உண்டு.

சம்பளக்காரருக்கு மாதாமாதம் பிடித்துவிடுகிறார்கள். தொழில் செய்பவருக்குப் பிடிக்க ஆளில்லை. எனவே அவரே தவணை முறையில் முன்கூட்டிக் கட்ட வேண்டும். இந்தியாவில் ஜூன் 15-க்குள் மதிப்பிட்ட வரியில் 15 விழுக்காடு, செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். அமெரிக்காவில் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என நான்கு முறை. சுயதொழில் செய்பவர் அங்கே ஊழியர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் தானே சுமப்பதால், வருமான வரிக்கு மேல் 15.3 விழுக்காடு கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கியவருக்கு முதலாண்டில் அதிர்ச்சி தரும் எண் அதுதான்.

விற்பனை வரியைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1954-இல் பிரான்சில் மோரிஸ் லோரே வடிவமைத்த மதிப்புக் கூட்டு வரிதான் இன்று ஜிஎஸ்டி, வாட் என்று பல பெயர்களில் உலகம் முழுவதும் நடப்பது. விற்பனையில் வாங்கிய வரியிலிருந்து, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்து மீதியைக் கட்ட வேண்டும். விற்றுமுதல் ஓர் எல்லையைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அது 90,000 பவுண்டு. அந்த எல்லை லாபத்துக்கு அல்ல, விற்பனைக்கு. லாபமே வராத தொழிலும் எல்லையைத் தாண்டலாம்.

கட்டுவது ஒன்று, கணக்குக் கொடுப்பது இன்னொன்று

பணத்தைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. கட்டிய பணம் யாருடைய சம்பளத்தில் பிடித்தது என்று தனியாகக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது அந்த ஊழியரின் பெயரில் வரவாகும். ஊழியரின் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனாலும் பணம் அரசிடம் இருக்கும், ஊழியர் கணக்கில் இருக்காது. அவர் தன் வரிக் கணக்கைப் போடும்போது, பிடித்த வரி காணவில்லை என்று அவருக்கே நோட்டீஸ் வரும். அவர் நேராக முதலாளியிடம்தான் வருவார்.

பிரிட்டனில் 2013 முதல், சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ விவரத்தை அனுப்பிவிட வேண்டும். அமெரிக்காவில் சம்பளப் பிடித்தக் கணக்கைக் காட்டும் படிவம் 941 மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆண்டு முடிந்ததும் ஊழியருக்கு அவர் சம்பளமும் பிடித்தமும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் அதேபோன்ற பி60 சான்றிதழுக்கு மே 31. இந்தியாவில் படிவம் 16 என்ற பெயரில் பழகிப்போன சம்பளச் சான்றிதழுக்கு ஜூன் 15. கணக்குக் கொடுக்க வேண்டிய காலத்தில் பிடித்தம் எதுவும் இல்லை என்றாலும், பூஜ்ஜியம் என்று எழுதித் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் பல உண்டு. இதைத் தெரியாமல் விட்டு, கட்ட வேண்டிய வரியே இல்லாமல் அபராதம் மட்டும் கட்டியவர்களின் புலம்பலை ஆடிட்டர் அலுவலகங்களில் எப்போது போனாலும் கேட்கலாம்.

கையில் பணம் இல்லாத மாதத்திலும் கணக்கை மட்டும் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிடுவது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் தாக்கல் செய்யாமைக்கு அபராதம், கட்டாத வரியில் மாதத்துக்கு 5 விழுக்காடு. தாக்கல் செய்துவிட்டுக் கட்டாமல் இருப்பதற்கு 0.5 விழுக்காடு. பத்து மடங்கு வேறுபாடு. இந்தியாவில் டிடிஎஸ் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய், பிடித்த வரியின் அளவு வரை ஏறிக்கொண்டே போகும். பணம் கட்ட முடியாத நிலையைத் தானாகப் போய்ச் சொல்பவருக்குத் தவணை தரும் ஏற்பாடும் பல நாடுகளில் இருக்கிறது. அதைக் கேட்கப் போகும்போது முதலில் பார்ப்பது, கணக்குகள் ஒழுங்காகத் தாக்கல் ஆகியிருக்கின்றனவா என்பதைத்தான்.

ஆடிட்டரையோ, சம்பளக் கணக்கை மட்டும் பார்க்கும் நிறுவனத்தையோ அமர்த்திக்கொள்வதில் தவறில்லை. மூன்று பேருக்கு மேல் ஊழியர் இருந்தால் அதுவே நல்லது என்பேன். ஆனால் வேலையைத்தான் ஒப்படைக்க முடியும், பொறுப்பை முடியாது. அவர்களிடம் கொடுத்த பணம் அரசிடம் போய்ச் சேரவில்லை என்றால், அரசு கேட்பது முதலாளியைத்தான். ஆகவே வரித்துறை தளத்தின் கடவுச்சொல்லைத் தானும் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை உள்ளே போய், சலான் எனப்படும் பணம் கட்டிய சீட்டின் எண்ணும் தொகையும் தேதியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. சம்பளப் பதிவேடு, ஊழியர் கையெழுத்திட்ட படிவங்கள், சலான்கள், வருகைப் பதிவு ஆகியவற்றை அமெரிக்காவில் குறைந்தது நான்கு ஆண்டும், பிரிட்டனில் நடப்பு வரியாண்டு போக மூன்று ஆண்டும் வைத்திருக்க வேண்டும். இடம் அடைக்கிறது என்று சீக்கிரம் எறிந்துவிட வேண்டாம்.

விகிதங்களும் பிரிவு எண்களும் மாறிக்கொண்டே இருப்பவை. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும்படி 2025-இல் புதிய சட்டம் இயற்றியிருக்கிறார்கள்; தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்த நான்கு சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எண்ணை எடுத்து அப்படியே சலானில் எழுதாமல், அந்த ஆண்டுக்கு உரிய எண்ணைத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊழியர் விலகும்போதும், தொழிலை மூடும்போதும் சில வேலைகள் மிஞ்சும். பிரிட்டனில் விலகும் ஊழியருக்கு, அதுவரை வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் பி45 சான்றிதழைக் கொடுத்தால்தான் புதிய முதலாளி சரியான வரியைப் பிடிக்க முடியும். கதவைப் பூட்டிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டாலும், வரித்துறையின் ஏட்டில் அந்தத் தொழில் முதலாளி என்ற பதிவோடு உயிரோடுதான் இருக்கும். அடுத்த மூன்று மாதக் கணக்கைக் காணோம் என்று பழைய முகவரிக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கும். இதற்காகவே அமெரிக்காவின் படிவம் 941-இல், தொழிலை மூடிவிட்டவர் குறியிட ஒரு கட்டமும், அதன் பக்கத்தில் கடைசிச் சம்பளம் கொடுத்த தேதியை எழுத ஓர் இடமும் வைத்திருக்கிறார்கள்.